அடிப்பெட்டியைத் திறக்கச் சொன்னவள்

"அந்தப் பையன் அங்க இல்லன்னா இவ இன்னாத்துக்கு அந்த ஊருக்குப் போவா?" என்று என் பேத்தி கிளம்புவதற்கு முந்தி ஒரு நாள் தண்ணீர் லாரிக்கு முன்னால் குடத்தை இறக்கி வைத்தபடியே கேட்டாள் பூவம்மாள்.

"எந்த ஊருக்கு?" என்று நான் கேட்டேன்.

"அதான் அக்கா, அந்த வாய்ல நொழயாத ஊரு."

"ஊரு பேரே தெரியாது. அங்க எவன் இருக்கான்னு மட்டும் தெரியுதா ஒனக்கு?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தால் ஆயிற்றா? அவர்களே வீட்டுக்குப் போய் அதே பேச்சைப் பேசுவார்கள். எனக்குத் தெரியாதா இந்தத் தெருவை? அதனால் முதலிலிருந்து சொல்கிறேன், நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் என் பேச்சுக்கு நடுவே வேறு பேச்சைச் சேர்த்தால், படித்துக் காட்டும்போது தெரிந்துவிடும்.

அவர்கள் பேசுவது இதுதான். என் பேத்தி நித்யஸ்ரீக்கு நியூயார்க்கில் வியாபாரப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டு ஒஹாயோவுக்குப் போனாள். பேர்பெற்ற ஊரை விட்டுவிட்டு ஒரு பெண் யாரும் கேள்விப்படாத ஊருக்குப் போனால் அங்கே ஓர் ஆண் இருக்க வேண்டுமாம். அந்த ஆண், எங்கள் எதிர்வீட்டு அன்வரி பேகத்தின் மகன் தபரேஸாம். அவனும் அமெரிக்காவில்தான் இருக்கிறானாம்.

அட, தபரேஸ் இருப்பதே நியூயார்க்கில்தான்! அவனைத் தேடிப் போகிறவள் அவன் இருக்கிற ஊரையா தள்ளிவிடுவாள்? அங்கிருந்து ஒஹாயோவுக்கு ராத்திரி பஸ் ஏறினால் விடிந்த பிறகுதான் இறங்க முடியும் என்று அவனே சொல்லியிருக்கிறான். இந்தக் கணக்கு ஒருத்திக்கும் புரியவில்லை. புரிந்தால் பேச ஒன்றும் இருக்காதே, அதனால் புரியவில்லை.

இத்தனை நாள் நான் வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்தை அன்வரி பேகமே விலக்கிவிட்டாள். "எல்லாத்தையும் சொல்லுங்க பெரிம்மா, எதையும் மறைக்காதீங்க" என்று சொல்லிவிட்டாள். அப்புறம் எனக்கு என்ன பயம்?

நாங்கள் ஆலங்காயம் பக்கத்துக் குடியானவர்கள். வேலைக்காக ஆம்பூருக்கு வந்தோம். என் மகன் ராஜகோபாலுக்கு ஷூ கம்பெனியில் பேக்கிங் வேலை. மருமகள் வள்ளியம்மாள் அதே கம்பெனியில் தையல் லைனில் உட்காருகிறாள். நித்யா வாணியம்பாடியில் பி.காம். முடித்துவிட்டு அங்கேயே சரக்கு சோதிக்கிற பிரிவில் சேர்ந்தாள்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காக்காரனுக்கு ஷூ தைத்து அனுப்புமுன் அவன் தரப்பில் ஓர் ஆள் வந்து பார்ப்பான். குடோனில் ஆள் உயரத்துக்குப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். அவன் அதில் சிலதைத் திறந்து பார்த்து, சரியாக இருந்தால் மொத்தச் சரக்கையும் லாரியில் ஏற்ற விடுவான். கம்பெனிக்காரர்கள் என்ன செய்வார்கள்? தையல் பிசகாத ஜோடிகளாகப் பொறுக்கி முதல் வரிசைப் பெட்டிகளில் வைப்பார்கள். வருகிறவன் களைத்துப்போய் வருவான், கைக்கு எட்டினதைத் திறப்பான், தலையை ஆட்டிவிட்டுப் போவான்.

ஒரு தடவை அப்படி வந்தவன் முதல் வரிசையில் கை வைத்தபோது, நித்யா, "சார், அடிப்பெட்டிய எடுங்க" என்று சொல்லிவிட்டாள். கம்பெனிச் சம்பளம் வாங்குகிறவளே சொன்னாள்! மேனேஜர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கத்தினார். "இங்க தப்பிச்சா அங்க போய்த் திரும்பி வரும் சார். அப்ப மொத்த லைனும் வீட்ல உக்காரும்" என்றாளாம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோதும் அவள் குரல் நடுங்கவில்லை. அவள் வேலை போய்விடுமோ என்று எனக்குத்தான் பயம்.

லைன் வீட்டில் உட்கார்ந்தது அதற்கப்புறம், வேறு காரணத்தால். அமெரிக்காவில் வரியை ஏற்றிவிட்டார்கள் என்று ஆர்டர் நின்றது. தையல்காரிகள் எல்லாம் திரும்பி வந்தார்கள். வள்ளியம்மாள் பகலில் வீட்டில் இருந்து நான் பார்த்ததே இல்லை. அன்று வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். நித்யா சொன்னாள்:

"அங்கேர்ந்து ஒரு மெயில் வருது ஆயா. ஒடனே இங்க அம்மா வீட்டுக்கு வந்துடறாங்க. அந்த மெயில எழுதறவன் இன்னா படிச்சான்னு எனக்குத் தெரியணும். அதையே நானும் படிக்கணும்."

இதற்குத்தான் அவள் போனாள். இதில் எங்கே வந்தான் ஆண்?

ராஜகோபாலுக்கு முதலில் சந்தோஷம்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே வழி வேலூரில் செல்வகுமார் என்பவனுடைய ஆபீஸ். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவன். ஆபீசுக்கு மேலே பெரிய பேனர். அதில் தபரேஸ் கோட்டு போட்டுக்கொண்டு சிரிக்கிறான், பின்னால் வானம் தொடுகிற கட்டடங்கள். நித்யா சித்தி முறையில் காலா என்று கூப்பிடுகிற அன்வரி பேகம் மாதாமாதம் சர்க்கரை பார்க்க வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போவாள். பஸ்ஸை விட்டு இறங்கினால் அந்தப் பேனரின் கீழே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவாள்.

அந்த ஆபீசுக்கு நானும் போனேன். ஏசி போட்டு, டீ கொடுத்து, "ஒங்க பேத்தி கொடுத்து வச்சவ பாட்டி. நியூயார்க்! சீட் ரெடி" என்றான் செல்வகுமார்.

"அங்க படிச்சவங்களுக்கு எந்தெந்தக் கம்பெனில வேலை கெடச்சிது சார்?" என்று நித்யா கேட்டாள்.

"பெரிய பெரிய கம்பெனிம்மா. எல்லாம் வெப்சைட்ல இருக்கு."

"இல்ல சார், பாத்துட்டுதான் வந்தேன். போன வருஷம் நீங்க அனுப்புனவங்க நம்பர் குடுங்க."

உடனே கொடுத்தான். கையில் தயாராக வைத்திருந்தான் போல.

"இது நீங்க குடுக்கற நம்பர் சார். நீங்க குடுக்காத நம்பர் எனக்கு வேணும்."

அவன் சிரித்தான். "ஏம்மா, பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி அக்கம்பக்கம்லாம் விசாரிக்கிறியே!"

எனக்குப் பொறுக்கவில்லை. "பொண்ணு பாக்கறதுக்கே விசாரிக்கறோம்பா. பொண்ணையே அனுப்பறதுக்கு விசாரிக்க வாணாமா?" என்றேன்.

"அம்மா, நீ சும்மா இரு" என்று ராஜகோபால் என் கையைப் பிடித்தான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளைப் பிடித்துக்கொண்டான். "நம்ம தபரேஸ் போட்டோவே போட்டுருக்கான். கண்ணுக்கு எதிர வளந்த புள்ள. அதுக்கு மேல இன்னா விசாரணை?"

"நீ பேக்கிங்ல தானப்பா இருக்க. மொத வரிசைல எந்தப் பெட்டிய வெப்ப?"

அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆனால் மறுநாளே தெருவெல்லாம் சொல்லிவிட்டான், என் பெண் நியூயார்க் போகிறாள் என்று. அங்கேதான் பிடித்தது வினை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நித்யா தபரேசுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஸ்பீக்கரில்தான் பேசினாள். ஒளித்துப் பேசுகிறவள் ஆயாவை வைத்துக்கொண்டா பேசுவாள்?

"நல்லாதான் இருக்கு நித்யா. செலவு ஜாஸ்தி. மத்தபடி நல்லா இருக்கு" என்றான் அவன்.

"தபரேஸ், நீ மொத வரிசைய காட்டற. எனக்கு அடிப்பெட்டி வேணும்."

அவனும் இங்கே தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கு எழுதினவன். புரிந்துகொண்டான். அப்புறம், "வராத" என்றான். "வந்துடாத நித்யா."

காலேஜ் என்பது ஒரு கடைக்கு மேலே இருக்கிற மாடியாம். வாரக் கடைசியில்தான் வகுப்பாம். உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் நம் பக்கத்துப் பிள்ளைகள், ஆந்திராப் பிள்ளைகள். வேலைக்கு ஆள் எடுக்க ஒரு கம்பெனியும் அந்த மாடிப்படியை ஏறாது. அந்தப் பட்டத்தைக் காட்டினால், இது எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்களாம். போட்டோவில் போட்டிருக்கிற கோட்டு இரவல். பின்னால் தெரிகிற கட்டடம் ஏதோ பேங்க்.

"போட்டோவ எறக்கச் சொல்லல?" என்று நித்யா கேட்டாள்.

"சொன்னேன். எறக்கறேன், ஒங்க அம்மா வந்து ஏன்னு கேட்டா நீயே காரணம் சொல்லிக்கோன்னான். அம்மிக்குத் தெரிய வாணாம் நித்யா. சர்க்கரை ஒடம்பு. தாங்க மாட்டாங்க."

நித்யா சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். கேட்டுக்கொண்டிருந்த நானும் அந்த வாக்குக்குள் வந்துவிட்டேன். தாயை நினைத்துப் பயந்து பேசுகிற பிள்ளையைப் பேனரில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறானே, அந்தச் செல்வகுமார் மனிதனா? அன்று கீரையை ஆய்ந்தேனா கிழித்தேனா தெரியாது.

அதற்கப்புறம் அவளே தேடினாள். எப்படித் தேடினாள் என்று சொல்கிறேன், இந்தத் தெருவிலிருந்து இன்னும் பிள்ளைகள் போவார்கள், அவர்களுக்காவது உதவட்டும். வியாபாரம் சொல்லித்தருகிற காலேஜை வெளியிலிருந்து ஒரு சங்கம் சோதித்து ஒத்துக்கொண்டிருக்க வேண்டுமாம். காலேஜ் சொன்னதை நம்பாமல் அந்தச் சங்கத்திடமே போய்ப் பார்த்தாள். படித்து முடித்த வெளிநாட்டுப் பிள்ளைகள் கொஞ்ச காலம் அங்கேயே வேலை பார்க்கலாம், சில படிப்புக்கு மட்டும் அந்தக் காலம் நீளம்; தன் படிப்பு அதில் வருகிறதா என்று பார்த்தாள். சுற்றுவட்டாரத்தில் வேலை தரும் கம்பெனி இருக்கிறதா என்று பார்த்தாள். இவ்வளவுக்கும் மேலே, அங்கே படிக்கிறவர்களைத் தானே தேடித் தேடி எழுதினாள். பாதிப் பேர் பதிலே போடவில்லை. நேபாளத்துப் பெண் ஒருத்தி பொறுமையாகச் சொன்னாள். திருநெல்வேலிப் பையன் ஒருவன் எடுத்த எடுப்பில் திட்டத் தொடங்கிவிட்டானாம்.

நித்யா சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தாள். "குளிரத் திட்டறான், சோத்தத் திட்டறான், ரூம்ல கூட இருக்கறவனத் திட்டறான். பாடத்த மட்டும் திட்டல ஆயா. அப்ப சரக்கு நல்லா இருக்கு."

அதுதான் ஒஹாயோ. சரக்கை எப்படி வாங்குவது, எப்படிக் கொண்டுபோவது, எங்கே அடுக்குவது என்றே ஒரு படிப்பாம். சொல்லித்தருகிற அம்மாள் ஒருவர் முன்னே செருப்புக் கடைகளுக்குச் சரக்கு எடுத்தவராம். உள்ளேயே ஒரு வேலையும் தந்து கட்டணத்தைக் குறைப்பதாக எழுதியிருந்தார்கள். நித்யா அந்தக் கடிதத்தை எனக்குப் படித்துச் சொன்னபோது எழுந்து நின்று படித்தாள்.

செல்வகுமாரிடம் வேண்டாம் என்று சொன்னதும் அவன் ராஜகோபாலுக்குப் போன் செய்தான். "படிப்பு காரணம் இல்ல சார். வேற இன்னாமோ இருக்கு, பாத்துக்கோங்க" என்றான். எங்களுக்கும் பூவம்மாளுக்கும் நடுவில் ஒரே சுவர். தபரேஸ் பெயரை அவள் ஏற்கெனவே சுவர் வழியாகக் கேட்டிருக்கிறாள். இது கிடைத்ததும் அதையும் இதையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். எந்த லைனிலும் அவ்வளவு வேகமாகத் தைக்கமாட்டார்கள்.

பேச்சு பேக்கிங் ஹால்வரை போனது. ஒருநாள் ராஜகோபால் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"பேங்க் கடனுக்கு நான் கையெழுத்து போட மாட்டேன். செல்வகுமார் சொன்ன எடத்துக்குப் போறியா, போ. இல்லன்னா வீட்ல இரு."

"அப்பா, அந்த எடம் சரியில்ல."

"ஏன் சரியில்ல? சொல்லு. அங்கயே தபரேஸ் படிக்கல?"

நித்யா அவனுக்குச் சோறு போட உள்ளே போனாள். ஒஹாயோவுக்குப் பதில் சொல்ல வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பனுடைய கையெழுத்து இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தது. அவன் வெளியே போனதும் நான் அவளைப் பிடித்து உலுக்கினேன்.

"சொல்லிடேன்டி! ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிது பேஜாரு."

"அன்வரி காலா மாசா மாசம் அந்த பேனரப் பாத்துட்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க ஆயா. அத நான் கிழிக்கணுமா?"

"அதுக்குன்னு ஒம் படிப்பு போவணுமா? ஒம் பேரு நாறணுமா?"

"வாக்கு குடுத்துட்டேன் ஆயா."

இந்தப் பெண்ணைத்தான் இவர்கள் ஓடுகாலி என்றார்கள். எனக்கு இப்போது சொன்னாலும் உடம்பு எரிகிறது. பேரைக் காப்பாற்றிக்கொள்ள அவளுக்கு ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை இன்னொருத்தி மகனுடையது என்று விழுங்கினாள்.

அன்வரி பேகத்தின் காதுக்கும் போகாமல் இருக்குமா? யாரோ போய் அவளுக்கு ஆறுதல் வேறு சொன்னார்களாம்! மறுநாள் காலையில், ராஜகோபால் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், முக்காட்டை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள்.

"பேட்டி, எம் பொண்ணே, எம் மொகத்தப் பாத்துச் சொல்லு. ஒனக்கும் தபரேசுக்கும் ஏதாச்சும் உண்டா?"

"இல்ல காலா."

"அப்ப அவன் ஒங்கிட்ட இன்னா சொன்னான்?"

நித்யா தரையைப் பார்த்தாள். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அன்வரி அவள் முகவாயைத் தொட்டாள்.

"நீ சொல்ல மாட்ட. நானே சொல்றேன். எப்ப வீடியோ போட்டாலும் ஒரே செவுரு காட்டறான். ஒரு நாளு கூட காலேஜ காட்டல. ஒரு சிநேகிதன கூப்ட்டு, அம்மிக்கு சலாம் சொல்லுடான்னு சொல்லல. பெத்தவளுக்குத் தெரியாதா? அவன் தெரியக் கூடாதுன்னு நெனச்சான், அதனால தெரியாத மாதிரி இருந்தேன். அந்த பேனர் கீழ பெருமைக்கா நிக்கறேன்? அதுலயாச்சும் அவன் நல்லா சிரிக்கறான், அதப் பாக்கறேன்."

செருப்பில் பாதி கால் நுழைத்தபடி ராஜகோபால் அப்படியே நின்றுவிட்டான்.

"எம் புள்ளைக்காக ஒங்க புள்ள வாய மூடிக்கினு இருந்துச்சு அண்ணா" என்று அவனிடம் திரும்பிச் சொன்னாள் அன்வரி. "அதப் போய்..." வெளியே தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே லாரிக்கு முன்னால் போய் நின்றாள். நானும் பின்னாலேயே போனேன். பூவம்மாள் குடத்தோடு முதல் ஆளாக நின்றாள்.

"கேட்டுக்கோங்க எல்லாரும்!" என்றாள் அன்வரி. யாரிடமும் குரல் உயர்த்தாதவள். "எம் பையன் ஏமாந்து போய்ட்டான். படிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்தப் பொண்ணு ஏமாறல. அவன் சொல்லித்தான் ஏமாறாம தப்பிச்சிது. இதுல தப்பு எங்க இருக்கு? பூவம்மா, ஒனக்குத் தெரியுமா, சொல்லு."

பூவம்மாள் பக்கத்திலிருந்த தெருக்குழாயைத் திருகுவதில் மும்முரமாகிவிட்டாள். தண்ணீர் வராத குழாய் அது.

ராஜகோபால் அன்று வேலைக்குப் போகவில்லை. சட்டையை மாற்றிக்கொண்டு நித்யாவோடு பேங்குக்குப் போனான். போகும்போது, "தெரியாம பேசிட்டேன் கண்ணு" என்று அவன் சொன்னது சமையல்கட்டுவரை கேட்டது. அவள், "நீ பாத்தது மொத வரிசப் பெட்டிப்பா" என்றாள். அவ்வளவுதான்.

நானும் அன்வரியும் வேலூருக்குப் போய்ச் செல்வகுமாரின் வாசலிலேயே நின்றோம். உள்ளே வருகிற ஒவ்வொரு தாய் தகப்பனிடமும் அன்வரி பேனரைக் காட்டி, "இவன் எம் பையன். இன்னா ஆச்சுன்னு என்னக் கேளுங்க" என்றாள். செல்வகுமார் ஓடிவந்து, "இன்னாம்மா இது, உள்ள வந்து பேசுங்க" என்றான். "எங்களுக்கு ஏசி ஒத்துக்காது" என்றேன் நான். மத்தியானத்துக்குள் ஏணி வந்தது. ஆள் ஏறிப் பேனரை அவிழ்த்தான். அன்வரி அதைக் கேட்டு வாங்கி, மகன் முகம் மடியாமல் சுருட்டிக்கொண்டாள். அன்று சாயங்காலமே மகனுக்குப் போன் செய்து, இனிமேல் சுவரைக் காட்ட வேண்டாம் என்று சொன்னாள். அவன் அழுதான். இப்போது அவனும் வேறு காலேஜுக்கு மாறப் பார்க்கிறான், நித்யா தேடின மாதிரியே.

விசாவுக்குச் சென்னையில் அவளைக் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம், இந்தக் காலேஜை ஏன் எடுத்தாய் என்று. அதற்கா அவளிடம் பதில் இல்லை?

கிளம்புகிற அன்று ராஜகோபால் அவளுடைய பெட்டியைத் தானே கட்டினான். கம்பெனிச் சரக்குக்குப் போடுகிற பட்டை நாடாவைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்து இறுக்கினான். கறுப்பு மையில் கொட்டை கொட்டையாக ஊர்ப் பெயர் எழுதினான். ஒரு பக்கம் இங்கிலீஷில் எழுதினதாகச் சொன்னான். பெட்டியைத் திருப்பி இன்னொரு பக்கமும் எழுதினான்.

"இது இன்னாடா?" என்றேன்.

"தமிழும்மா."

"தமிழ் எந்த ஏரோப்ளேன்காரனுக்கு?"

"தெருவுக்கு" என்றான்.

கார் வந்து நின்றது. தெருவே வாசலில் கூடிவிட்டது. பூவம்மாளும் வந்தாள், வராமல் இருப்பாளா? ராஜகோபால் பெட்டியைக் கொண்டுபோய் நடுத்தெருவில் வைத்தான், தமிழ் எழுத்து அவள் பக்கம் பார்க்கும்படி.

"பூவம்மா, எனக்குப் படிக்கத் தெரியாது. அதுல இன்னா எழுதியிருக்குன்னு படி" என்றேன்.

"இருக்கட்டும் அக்கா, நேரமாவுதில்ல..."

"நேரமிருக்கு. படி. சத்தமா படி."

அவள் குனிந்தாள். அன்வரி தன் வீட்டு வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வள்ளியம்மாள் மகளின் தலையில் பூவைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"ஒ... ஹா... யோ" என்று படித்தாள் பூவம்மாள்.

"பாரு, வாய்ல நொழயுது" என்றேன்.

நித்யா என் காலைத் தொட்டாள். அப்பனைப் பார்த்தாள், எதிர்வாசலில் நின்ற அன்வரியைப் பார்த்துத் தலையசைத்தாள். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும், தலை குனியாமல் வாசலைத் தாண்டி நடந்தாள்.